கார் இன்ஷூரன்ஸ்: எங்கே குறைக்கலாம், எங்கே கை வைக்கக் கூடாது?

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற மோட்டார் சர்வேயரின் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கேட்பது ஒன்றைத்தான்: பிரீமியத்தை எப்படிக் குறைப்பது? நியாயமான கேள்வி. வருடா வருடம் விலைவாசி ஏறும்போது, கண்ணுக்குத் தெரியாத ஒரு சேவைக்குப் பல ஆயிரம் கட்டுவது யாருக்கும் கசக்கும். ஆனால் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து நஷ்டத்தை மதிப்பிடுவதுதான் என் தொழிலாக இருந்தது. அதனால் பிரீமியம் கட்டும் நாளைவிட, கிளெயிம் கேட்டு ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்கும் நாள்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். பதில்களையும் அந்த இடத்தில் நின்றுதான் எழுதுகிறேன்.

ஐயா, என் கார் 1,197 சிசி பெட்ரோல் வண்டி. வாங்கி நாலு வருடம் முடிகிறது. ஒரு கிளெயிம்கூட இல்லை. ஷோரூமில் ரினியூவலுக்குச் சொல்லும் தொகை அதிகமாகத் தெரிகிறது. தெரிந்த ஏஜென்ட் ஒருவர், “ஐடிவி நாலு லட்சம் காட்டுகிறது, மூன்று லட்சமாகப் போட்டுவிடலாம், பிரீமியம் இறங்கிவிடும்” என்கிறார். செய்யலாமா?
– ஆசிரியை, திண்டுக்கல்

செய்யாதீர்கள் அம்மா. ஐடிவி என்பது பாலிசியில் உங்கள் காருக்குப் போடும் மதிப்பு. அதைக் குறைப்பதால் எவ்வளவு மிச்சமாகும் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள்.

உங்கள் பிரீமியத்தில் இரண்டு பெரிய பகுதிகள் உண்டு. ஒன்று தேர்ட் பார்ட்டி. உங்கள் காரால் அடுத்தவருக்கு நேரும் உயிரிழப்பு, காயம், பொருள் சேதம் ஆகியவற்றுக்கானது. சட்டப்படி கட்டாயம். இதன் தொகையை அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் முதல் தேதி அமலுக்கு வந்த நிர்ணயப்படி 1,000 சிசி வரை 2,094 ரூபாய், 1,000க்கு மேல் 1,500 சிசி வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். எலெக்ட்ரிக் கார்களுக்கு 15 சதவீதம் தள்ளுபடி. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இந்தத் தொகை மாறாது. “எங்களிடம் தேர்ட் பார்ட்டி குறைவு” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொன்று ஓன் டேமேஜ், அதாவது உங்கள் காருக்கே ஆகும் சேதத்துக்கானது. 2007இல் கட்டுப்பாடு நீங்கிய பிறகு இதன் விலையைக் கம்பெனிகளே வைத்துக்கொள்கின்றன. பேரம் பேச இடம் இருப்பது இங்கேதான். பழைய டாரிஃப், அதாவது கட்டுப்பாடு இருந்த காலத்துக் கட்டணப் பட்டியலின் விகிதத்தை அடித்தளமாக வைத்து, அதன்மேல் தள்ளுபடி கொடுப்பது பரவலான வழக்கம். உங்கள் வண்டி ரகத்துக்கு, ஐந்து வருடம் வரை, சென்னைப் பதிவு என்றால் ஐடிவியில் 3.283 சதவீதம், திண்டுக்கல் போன்ற ஊர்ப் பதிவு என்றால் 3.191 சதவீதம்.

இப்போது கணக்கு. நாலு லட்சத்துக்கு 3.191 சதவீதம் என்றால் 12,764 ரூபாய். கம்பெனி பாதி தள்ளுபடி கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 6,382. நாலு வருடம் கிளெயிம் இல்லாததால் உங்களுக்கு 45 சதவீதம் நோ கிளெயிம் போனஸ். மிஞ்சுவது ஏறக்குறைய 3,510 ரூபாய். இதே கணக்கை மூன்று லட்சத்துக்குப் போட்டால் சுமார் 2,630 வரும். வித்தியாசம் சுமார் 880 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டும். அவ்வளவுதான். இந்த ஆயிரம் ரூபாய்க்காக, வண்டி திருடு போனாலோ முழுதாக நொறுங்கினாலோ ஒரு லட்சத்தை விட்டுக்கொடுக்கச் சொல்கிறார் உங்கள் ஏஜென்ட்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ், அதாவது முழு நஷ்டம் என்று முடிவு செய்வார்கள். நாலு லட்சம் ஐடிவி என்றால் அந்தக் கோடு மூன்று லட்சத்தில் இருக்கும். மூன்று லட்சம் என்றால் இரண்டேகால் லட்சத்துக்கு இறங்கிவிடும். ரிப்பேர் செய்து நீங்கள் இன்னும் பல வருடம் ஓட்டக்கூடிய வண்டி, குறைந்த ஐடிவி போட்ட ஒரே காரணத்தால் டோட்டல் லாஸ் கணக்கில் போய்விடும். கைக்கு வரும் பணத்தில் அதே மாதிரி வண்டி வாங்கவும் முடியாது.

சரி, எங்கேதான் குறைப்பது? முதலில், ஷோரூமில்தான் ரினியூவல் செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வேறு இரண்டு மூன்று கம்பெனிகளிடம் நேரடியாகக் கேளுங்கள். ஐடிவியும் கூடுதல் கவர்களும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கட்டும். இல்லாவிட்டால் ஐடிவியைத் தூக்கி ஒன்று, இறக்கி ஒன்று என்று வரும், ஒப்பிடவே முடியாது. உங்கள் ஊரில் அந்தக் கம்பெனியின் கேஷ்லெஸ் (பில்லைக் கம்பெனியே நேராகக் கட்டும்) பட்டியலில் நீங்கள் வழக்கமாக விடும் ஒர்க்‌ஷாப் இருக்கிறதா என்பதையும் கையோடு கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, கூடுதல் கவர்கள். ஜீரோ டெப், அதாவது பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் கவர் வேண்டும், அதை நீக்காதீர்கள். ஏன் என்பதைத் தஞ்சாவூர் வாசகருக்கான பதிலில் சொல்கிறேன். சாவி தொலைந்தால் ஒன்று, காருக்குள் இருக்கும் பொருளுக்கு ஒன்று, டயருக்கு ஒன்று என்று வரிசையாக டிக் அடித்து அனுப்புவார்கள். வழியில் வண்டி நின்றால் உதவிக்கு வரும் ரோட் சைடு அசிஸ்டன்ஸ், கார் கம்பெனியின் வாரன்டியிலேயே உங்களுக்கு இருக்கலாம். ஒரே சேவைக்கு இரண்டு தரம் பணம் கட்ட வேண்டாம்.

மூன்றாவது, ஓனர் டிரைவருக்கான 15 லட்சம் ரூபாய் பர்சனல் ஆக்சிடென்ட் கவர். உங்களுக்கு ஸ்கூட்டரும் இருந்து, அதன் பாலிசியில் இதை ஏற்கெனவே கட்டியிருந்தால், காருக்கு மறுபடி கட்டத் தேவையில்லை. தனியாக 15 லட்சத்துக்குக் குறையாத விபத்து பாலிசி வைத்திருந்தாலும் போதும். எழுதிக் கொடுத்தால் அந்த வரியை நீக்கிவிடுவார்கள். ஆர்சி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு லைசென்ஸே இல்லை என்றால் இந்தக் கவர் அவருக்குச் செல்லாது. கார் அம்மா பெயரில், ஓட்டுவது மகன், அம்மாவுக்கு லைசென்ஸ் கிடையாது. இப்படிப்பட்ட வீடுகளிலும் வருடா வருடம் இதைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். மகனுக்கு ஏதாவது ஆனால் இதிலிருந்து ஒரு ரூபாயும் வராது. அந்த வீடுகளில் மகன் பெயரில் தனியாக ஒரு விபத்து பாலிசி எடுப்பதுதான் முறை.

எனது கார் வாங்கி 11 வருடம் ஆகிறது. ஐடிவி ஒன்றேகால் லட்சம்கூட வராது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும், உறவினர் வீட்டு விசேஷங்களுக்கும்தான் எடுப்பேன். வெறும் தேர்ட் பார்ட்டி போதும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உங்கள் கருத்து?
– வாசகர், கரூர்

இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்வேன். இதில் நடக்கும் தவறு, காரின் விலையோடு முடிவதில்லை.

பழைய காருக்குத் தேர்ட் பார்ட்டி போதும் என்று சொல்பவர்கள் காரின் மதிப்பை மட்டும் பார்க்கிறார்கள். இடித்தால் போகட்டும், ஒன்றேகால் லட்சம்தானே என்பது அவர்கள் கணக்கு. கோயிலுக்குப் போகும்போது உங்கள் காரில் யார் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்பதை அவர்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஆக்ட் பாலிசி என்று நாங்கள் சொல்லும் வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி, சாலையில் போகிறவருக்கும் எதிரே வரும் வண்டியில் இருப்பவருக்கும் பொறுப்பேற்கும். அவர்கள் விஷயத்தில் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் உச்சவரம்பே கிடையாது, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் எவ்வளவு சொன்னாலும் கம்பெனி கட்டியாக வேண்டும். ஆனால் உங்கள் சொந்தக் காரில் உங்களோடு வரும் மாமாவும் சித்தியும் பக்கத்து வீட்டுக்காரரும் அந்த பாலிசியின் கணக்கில் மூன்றாம் நபர் அல்ல. உச்ச நீதிமன்றமே இதைத் தெளிவுபடுத்திவிட்டது. தனியார் காரில் கட்டணமில்லாமல் கூட வருபவருக்கு ஆக்ட் பாலிசியில் கம்பெனி பொறுப்பல்ல. காம்ப்ரிஹென்சிவ் என்று மக்கள் சொல்லும் பேக்கேஜ் பாலிசி இருந்தால், கூட வருபவர்களும் அதில் அடக்கம். 2012இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வித்தியாசத்தைப் பிரித்துச் சொல்லியிருக்கிறது.

என் வேலையில் மிகவும் கடினமான பகுதி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். வண்டி நசுங்கிக் கிடக்கும். குடும்பமே ஆஸ்பத்திரியில் இருக்கும். யாராவது ஒரு பெரியவர் பாலிசி காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டி, “எல்லாம் கட்டியிருக்கோம், இன்ஷூரன்ஸ் இருக்கு” என்பார். காகிதத்தின் தலைப்பிலேயே “லயபிலிட்டி ஒன்லி”, அதாவது வெறும் தேர்ட் பார்ட்டி என்று அச்சாகியிருக்கும். ரினியூவலில் முழு இன்ஷூரன்ஸ் போட்டதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருப்பார். கார் ஓட்டியவர்மேல் தவறு என்று முடிவானால், கூட வந்தவர்களின் குடும்பம் கார் உரிமையாளர்மேல்தான் வழக்குப் போட வேண்டும். சொந்தக்காரர்களுக்கு நடுவில் அப்படி ஒரு வழக்கு வந்தால் அந்தக் குடும்பம் பிறகு ஒன்று சேராது.

2021 ஆகஸ்டில் புது வண்டிகளுக்கு ஐந்து வருடம் பம்பர் டு பம்பர், அதாவது முழுக் காப்பு கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது பலருக்கு நினைவிருக்கும். அடுத்த மாதமே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. ஓட்டுநர், கூட வருபவர்கள், உரிமையாளர் ஆகியோருக்குக் காப்பு இல்லாமல் வண்டிகள் ஓடுகின்றனவே என்பதுதான் அதன் பின்னால் இருந்த கவலை. உத்தரவு போய்விட்டது, கவலை அப்படியே இருக்கிறது.

ஆகவே உங்கள் காருக்கும் பேக்கேஜ் பாலிசியே போடுங்கள். ஐடிவி குறைந்துவிட்டதால் ஓன் டேமேஜ் பகுதியும் குறைவாகத்தான் வரும், போனஸ் 50 சதவீதத்தைத் தொட்டிருந்தால் இன்னும் குறையும். ஜீரோ டெப் இந்த வயது வண்டிக்குப் பெரும்பாலும் கிடைக்காது, கிடைத்தாலும் வேண்டாம். நீங்கள் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அதுதான். எப்படியும் தேர்ட் பார்ட்டி மட்டும்தான் என்று முடிவெடுத்தால், பெயர் குறிப்பிடாத பயணிகளுக்கான பர்சனல் ஆக்சிடென்ட் கவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு சீட்டுக்கு இரண்டு லட்ச ரூபாய் காப்புக்குப் பழைய டாரிஃப் கணக்கில் நூறு ரூபாய்தான். தீர்ப்பாயம் கொடுக்கும் இழப்பீட்டுக்கு அது ஈடாகாது, ஆனால் ஒன்றுமே இல்லாமல் இருப்பதற்கு அது எவ்வளவோ மேல். சம்பளத்துக்கு டிரைவர் வைத்திருப்பவர்கள் அவருக்காக 50 ரூபாய் கட்டும் வரியையும் பாலிசியில் தேடிப் பாருங்கள்.

பார்க்கிங்கில் யாரோ உரசி, பின் பம்பரும் ஒரு கதவும் கீறிவிட்டன. ஒர்க்‌ஷாப்பில் 6,500 ரூபாய் எஸ்டிமேட். இன்ஷூரன்ஸில் போட்டுவிடலாம் என்கிறார்கள். போனஸ் போய்விடுமாமே?
– வாசகி, திருநெல்வேலி

போய்விடும். அதனால் கைக்காசைப் போட்டுச் செய்துகொள்ளுங்கள்.

உங்களுக்கு இப்போது 45 சதவீத போனஸ் இருப்பதாகவும், போனஸ் கழிப்பதற்கு முன் ஓன் டேமேஜ் 7,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். கிளெயிம் போடாவிட்டால் அடுத்த ரினியூவலில் 50 சதவீதம், கட்ட வேண்டியது 3,500. போட்டால் போனஸ் பூஜ்யம், முழுசாக 7,000. அதற்கடுத்த வருடங்களில் 20, 25, 35, 45 என்று மறுபடி படிப்படியாக ஏறி வர வேண்டும். ஐடிவி குறைவதை விட்டுவிட்டுப் பார்த்தால், இந்த ஐந்து ரினியூவலிலும் கூடுதலாகப் போவது 3,500, 2,100, 1,750, 1,050, 350 என்று மொத்தம் 8,750 ரூபாய். ஜிஎஸ்டி சேர்த்தால் 10,325.

இந்த 6,500 ரூபாய் பில்லில் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய் முதலிலேயே போய்விடும். ஜீரோ டெப் இல்லாவிட்டால் பம்பரை மாற்றினால் அதன் விலையில் பாதிதான் தருவார்கள். கைக்கு வருவது நாலாயிரம், ஐந்தாயிரம்தான் இருக்கும். அதற்காகப் பத்தாயிரத்தை இழக்க வேண்டாம்.

சின்னக் கீறலுக்குக் கிளெயிம் போடுவதில்லை என்று உறுதியாக இருப்பவர்கள் ரினியூவலில் வாலன்டரி டிடக்டிபிள் கேட்கலாம். ஒவ்வொரு கிளெயிமிலும் முதல் 5,000 ரூபாயை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் ஓன் டேமேஜில் தள்ளுபடி உண்டு. எவ்வளவு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கேட்டால்தான் சொல்வார்கள்.

இன்னொன்று. கிளெயிம் வாங்கிவிட்டு, கம்பெனி மாறும்போது “கிளெயிம் இல்லை என்று போட்டுவிடுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது” என்று சொல்லும் ஏஜென்ட்கள் இருக்கிறார்கள். புதுக் கம்பெனி பழைய கம்பெனியிடம் கேட்டால் தெரிந்துவிடும். அவர்கள் பெரும்பாலும் கேட்பது நீங்கள் கிளெயிம் போடும் நேரத்தில்தான். அன்றைக்கு உங்கள் ஓன் டேமேஜ் உரிமையே கையை விட்டுப் போகும்.

முடிச்சூர் பக்கம் குடியிருக்கிறோம். மழைக்காலம் வந்தாலே பயம். காம்ப்ரிஹென்சிவ் பாலிசி இருந்தால் வெள்ளச் சேதம் முழுக்கக் கிடைக்கும்தானே?
– வாசகர், சென்னை

முழுக்க இல்லை. வெள்ளம் பேக்கேஜ் பாலிசியில் அடக்கம்தான், ஆனால் இன்ஜின் விஷயத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனையோ பேர் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான்.

நின்றுகொண்டிருந்த காருக்குள் தண்ணீர் வந்தால் சீட், கார்பெட், வயரிங், இசியு (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) எல்லாம் நாசமாகும். இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் ஆயிலை வடித்து, ஃப்ளஷ் செய்து, ஃபில்டர்களை மாற்ற வேண்டும். இதெல்லாம் வெள்ளத்தால் நேரடியாக வந்த சேதம், கம்பெனி தரும். தண்ணீர் வடிந்ததும் “ஓடுதா பார்ப்போம்” என்று சாவியைத் திருப்புகிறீர்கள் பாருங்கள், கதை மாறுவது அங்கேதான். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலே ஏறும்போது காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. அந்த விசை முழுவதும் கனெக்டிங் ராடின்மேல் இறங்கி அது வளைந்துவிடும், சில வண்டிகளில் பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். இதை ஹைட்ரோஸ்டாடிக் லாக் என்பார்கள். வெள்ளம் செய்த சேதம் இல்லை, நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்று சொல்லிக் கம்பெனி அந்தப் பகுதியைத் தள்ளிவிடும்.

ஒர்க்‌ஷாப்பில் சர்வேயர் என்ன பார்ப்பார் என்றும் சொல்லிவிடுகிறேன். கதவின் உள்பக்கப் பேடில் சேற்றுக் கோடு எந்த உயரத்தில் நிற்கிறது என்று முதலில் பார்ப்பார். அப்புறம் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறப்பார். ஃபில்டர் நனைந்து, உள்ளே மண் ஒட்டியிருந்தால் இன்ஜினுக்குள் தண்ணீர் போன வழி தெரிந்துவிடும். டிப் ஸ்டிக்கை உருவினால் ஆயில் பால் கலந்த காப்பி மாதிரி இருக்கும். கடைசியாக இன்ஜினைப் பிரித்து ராடைப் பார்ப்பார். ராடு நேராக இருந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யவில்லை என்று நம்பலாம். வளைந்த ராடை வைத்துக்கொண்டு “நான் சாவியையே தொடவில்லை சார்” என்று யார் சொன்னாலும் எடுபடாது.

உங்கள் பகுதிக்கு இன்ஜின் புரொடெக்ட் கவர் அவசியம். மற்ற கவர்களைக் குறைத்தாவது இதைச் சேருங்கள். இதிலும் கம்பெனிக்குக் கம்பெனி நிபந்தனைகள் உண்டு, வாசித்துப் பார்த்து வாங்குங்கள். தண்ணீர் ஏறப்போகிறது என்று தெரிந்தால் வண்டியை முன்கூட்டியே மேட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். முடியாமல் முழுகிவிட்டதா, சாவியைத் தொடாதீர்கள். புஷ் பட்டன் வண்டி என்றால் வீட்டுப் பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள். தண்ணீர் நிற்கும்போதே, நம்பர் பிளேட் தெரியும்படி போட்டோவும் வீடியோவும் எடுங்கள். வடிந்த பிறகு பாட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, கம்பெனிக்குப் போன் செய்து கிளெயிம் நம்பர் வாங்குங்கள். சக்கரம் தரையில் படாமல் ஏற்றிப் போகும் டோயிங் வண்டியில்தான் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்ப வேண்டும்.

பழைய காரை விற்றுவிட்டுப் புதுக் கார் எடுக்கப் போகிறேன். விற்கும் காரின் பாலிசி இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. வாங்குபவருக்கே போய்விடுமா?
– வாசகர், ஈரோடு

பாலிசி வண்டியோடு போகும், போனஸ் உங்களோடு வரும். பலர் 50 சதவீத போனஸை அப்படியே விற்ற காரோடு விட்டுவிட்டு, புதுக் காருக்கு முழு ஓன் டேமேஜ் கட்டுகிறார்கள். புதுக் காரில் அந்தத் தொகை பெரிதாக இருக்கும், பாதி என்றால் பல ஆயிரம் மிச்சம். விற்ற ஆதாரத்தைக் கம்பெனியிடம் கொடுத்து போனஸுக்கான கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். உடனே கார் வாங்காவிட்டாலும் மூன்று வருடம் வரை அந்தக் கடிதம் செல்லும்.

வாங்குபவர் 14 நாளுக்குள் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்ற மனுக் கொடுக்க வேண்டும். தேர்ட் பார்ட்டி பகுதி சட்டப்படி தானாகவே அவருக்குப் போய்விடும். ஓன் டேமேஜ் அப்படிப் போகாது. பெயர் மாற்றாமல் ஓட்டி இடித்தால், “பாலிசி உங்கள் பெயரில் இல்லை” என்று அவருக்கும், “வண்டி உங்களுடையது இல்லை” என்று உங்களுக்கும் கம்பெனி பதில் சொல்லும்.

ஆர்சி விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். ஆர்டிஓ பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. பெயர் மாறியதை எம்பரிவாகன் செயலியில் நீங்களே பார்த்து உறுதி செய்யுங்கள்.

தம்பி என் சொந்தக் காரை எடுத்துப்போய், வாடகைக்கு ராமேஸ்வரம் டிரிப் அடிக்கிறான். வெள்ளை போர்டு வண்டிதான். ஏதாவது பிரச்சினை வருமா?
– வாசகர், ராமநாதபுரம்

வரும். தம்பிக்கு லைசென்ஸ் இருந்து, உங்கள் சம்மதத்தோடு ஓட்டினால் அதுவரை சரி. வாடகைக்கு ஆள் ஏற்றினால் பாலிசியின் பயன்பாட்டு நிபந்தனை மீறப்படுகிறது. வண்டிச் சேதத்துக்குப் பணம் வராது. வெளியாள் யாருக்காவது அடிபட்டால், முதலில் கம்பெனியைக் கட்டச் சொல்லி, பிறகு உங்களிடம் வசூலிக்கவும் தீர்ப்பாயம் உத்தரவிடலாம். ஆர்சி உங்கள் பெயரில் இருக்கிறது, ஆகவே வசூலுக்காக வீடு, நிலம் என்று வந்து நிற்பதும் உங்கள் பேரில்தான். தம்பியிடம் இன்றைக்கே பேசுங்கள். தொழிலாகச் செய்ய விரும்பினால் மஞ்சள் போர்டுக்கு மாற்றிக்கொள்ளட்டும்.

முன்பக்கம் அடிபட்டு 62,000 ரூபாய் பில். கம்பெனி கொடுத்தது 41,000தான். ஏமாற்றுகிறார்களா? யாரிடம் முறையிடுவது?
– வாசகர், தஞ்சாவூர்

பில்லைப் பார்க்காமல் ஏமாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன். உங்களிடம் ஜீரோ டெப் இல்லை என்று தோன்றுகிறது. அது இல்லாத பாலிசியில் தேய்மானம் கழிப்பார்கள். பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்கள், டயர், பாட்டரி, ஏர்பேக் எல்லாவற்றுக்கும் வண்டி புதுசாக இருந்தாலும் பாதிதான். ஃபைபர் பாகத்துக்கு 30 சதவீதம் கழிவு. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. இரும்புப் பாகங்களுக்கு வண்டி வயதுப்படி: மூன்றாவது வருடத்தில் 15 சதவீதம், நாலாவதில் 25, ஐந்தாவதில் 35. பெயின்ட்டில் மெட்டீரியலுக்குப் பாதி. நட்டு, போல்ட், ஆயில், கூலன்ட் போன்றவற்றையும் சேர்க்க மாட்டார்கள். இப்போதைய கார்களின் முன்பக்கம் முழுக்க பிளாஸ்டிக்தான்: பம்பர், கிரில், லைட் ஹவுசிங், ஃபேன் ஷ்ரவுட். அதனால்தான் முன்பக்க அடியில் கழிவு இவ்வளவு பெரிதாகிறது. முதல் ஐந்து வருடம் ஜீரோ டெப்பை விடாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கும் இதுதான் காரணம்.

சர்வே அறிக்கையின் நகலை எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் எவ்வளவு கழித்தார்கள் என்று அதில் இருக்கும். ஒர்க்‌ஷாப் பில்லைப் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய அடி என்று எதையாவது தள்ளியிருந்தால், அது இந்த விபத்தில் வந்ததுதான் என்பதற்கு உங்களிடம் போட்டோ இருக்கிறதா என்று தேடுங்கள். சர்வேயர் வந்து பார்ப்பதற்கு முன் வண்டியைப் பிரிக்க ஒர்க்‌ஷாப்பை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். பிரித்த பிறகு எது எப்போது உடைந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது.

கழிவு தவறு என்று தெரிந்தால், முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான பிரச்சினைகளை அங்கே விசாரிப்பார்கள். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனுக் கொடுக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்திலும் புகார் பதியலாம், 155255 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் சொல்லலாம்.

பாலிசி முடிந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. வண்டி போர்டிகோவில்தான் நிற்கிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது போட்டுக்கொள்ளலாமா?
– வாசகி, கோவை

அதுவரை தள்ளிப்போடாதீர்கள். 90 நாள் தாண்டினால் இத்தனை வருடம் சேர்த்த போனஸ் முழுவதும் போய்விடும். ஒரு நாள் தாண்டியிருந்தாலும் வண்டியை நேரில் பார்த்தோ வீடியோ எடுக்கச் சொல்லியோதான் ஓன் டேமேஜ் தருவார்கள், அதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். போர்டிகோவில் நிற்கும் வண்டிமேல் மரம் விழுந்தாலும், தீப்பிடித்தாலும், திருடு போனாலும் இப்போது உங்களுக்கு எதுவும் வராது. இன்ஷூரன்ஸ் இல்லாமல் ரோட்டில் பிடிபட்டால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. பாலிசி வரும்வரை மருந்துக் கடை வரைக்கும்கூட வண்டியை எடுக்க வேண்டாம் அம்மா. அந்தத் தெருமுனையில் யாராவது குறுக்கே வந்துவிட்டால், தீர்ப்பாயம் சொல்லும் முழுத் தொகையும் உங்கள் பொறுப்பு. இன்றைக்கே கம்பெனிக்குப் போன் செய்து இன்ஸ்பெக்‌ஷனுக்குச் சொல்லிவிடுங்கள்.